கட் ஆஃப் கணக்கிலிருந்து கேட் தேர்வு வரை: மதுரைப் பக்கத்து மாணவர்களுக்குப் பொறியியல் படிப்பு வழிகாட்டி

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த நாளிலிருந்து ஆடி மாதம் வரை, எங்கள் ஊர் நூலகத்தின் நீள மேசையில் மாணவர்களுடன் உட்கார்ந்து பொறியியல் கலந்தாய்வுக்கு வழிகாட்டுவதைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து முதல் பட்டதாரியாகக் கல்லூரிக்குச் சென்றவன் என்பதால், வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லாத பிள்ளைகள் எங்கே தடுமாறுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்கள் பெரும்பாலும் மதிப்பெண் குறைவால் வாய்ப்பை இழப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதையும் புறவழிச்சாலை விளம்பரப் பலகையையும் நம்பி முடிவெடுப்பதால் இழக்கிறார்கள். அதனால் என்னிடம் வருபவர்களை ஒரு எண்பது பக்க நோட்டு வாங்கிவரச் சொல்வேன். காதில் விழுந்தவற்றை விட்டுவிட்டு, நீங்களே சரிபார்த்தவற்றை மட்டும் அதில் எழுதுங்கள்.

படி 1: கட் ஆஃப் மதிப்பெண்ணைக் கணக்கிடுங்கள்

கணித மதிப்பெண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு, இயற்பியலையும் வேதியியலையும் பாதியாக்கிக் கூட்டினால் 200-க்கு உங்கள் கட் ஆஃப் கிடைத்துவிடும். கணிதம் 91, இயற்பியல் 84, வேதியியல் 78 என்றால், 91 + 42 + 39 = 172. கணிதத்தில் கூடும் ஒரு மதிப்பெண், மற்ற இரண்டில் கூடும் இரண்டு மதிப்பெண்ணுக்குச் சமம் என்பது இதிலிருந்தே புரியும். இருவர் ஒரே கட் ஆஃப் பெற்றால் முதலில் கணித மதிப்பெண்ணையும் பிறகு இயற்பியல் மதிப்பெண்ணையும் பார்ப்பார்கள்; எல்லாவற்றிலும் சமமாக இருந்தால்தான் கடைசியில், கணினி குலுக்கல் முறையில் தரும் சமவாய்ப்பு எண்ணுக்கு வேலை வரும். ஆகவே அந்த எண் சிறியதாக வந்துவிட்டதே என்று வருந்த வேண்டியதில்லை.

படி 2: சான்றிதழ்களைத் தயார் செய்யுங்கள்

விண்ணப்பம் தமிழ்நாடு தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் இணையதளத்தில்தான். சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ், வருமானச் சான்றிதழ் ஆகியவற்றை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். தேர்வு முடிவுக்குப் பிறகு அங்கே கூட்டம் நெருக்கும் என்பதால் ஏப்ரலிலேயே வாங்கிவிடுங்கள். முதல் பட்டதாரி சான்றிதழ் இருந்தால் கலந்தாய்வு வழியாகச் சேர்பவர்களுக்குக் கல்விக் கட்டணத்தில் சலுகை கிடைக்கும்.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள் 7.5% உள் ஒதுக்கீட்டை மறக்கவே கூடாது. 2021-இல் சட்டமான இந்த ஒதுக்கீட்டில் இடம் பெறுபவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் படிப்புச் சான்று வேண்டியிருக்கும். ஆறாம் வகுப்பை ஓர் ஊரிலும் மீதியை வேறோர் ஊரிலும் படித்த ஒரு மாணவி, முதல் பள்ளியின் சான்றுக்காகக் கடைசி நாளில் அலைந்ததைப் பார்த்த பிறகு, இதை நான் முதல் நாளிலேயே சொல்லிவிடுகிறேன்.

படி 3: கிளையைத் தேர்ந்தெடுக்கும் முன் அந்த வேலையைப் பாருங்கள்

இந்தப் படிக்கு நான் அதிக நேரம் கொடுப்பேன். "சார், கம்ப்யூட்டர் கிடைக்குமா?" என்றுதான் பெரும்பாலான பெற்றோர் கேட்கிறார்கள். கணினி அறிவியலில் வாய்ப்புகள் மிகுதி என்பது உண்மை. மதுரையிலேயே வடபழஞ்சியிலும் இலந்தைகுளத்திலும் எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்கள் இருக்கின்றன. ஆனால் பொறியியல் வேலை என்பது அது மட்டுமல்ல. கொச்சடையில் ஃபென்னர் ஆலையில் இயந்திரங்களுக்கான பெல்ட் தயாராகிறது. மேலூர் சாலையில் வெள்ளரிப்பட்டியில் டிவிஎஸ் ஸ்ரீசக்ரா ஆலையில் இருசக்கர வாகன டயர் தயாராகிறது. 1992-இல் தொடங்கப்பட்ட ஆரோலேப், கண்புரை அறுவைச் சிகிச்சையில் பொருத்தும் விழிவில்லைகளை இதே மதுரையில் தயாரித்துப் பல நாடுகளுக்கு அனுப்புகிறது. இயந்திரவியல், வேதியியல், மின்னணுவியல், உயிர்மருத்துவப் பொறியியல் படித்தவர்களின் வேலையை நம் ஊர் எல்லைக்குள்ளேயே பார்க்க முடியும் என்பதற்காக இவற்றைச் சொல்கிறேன்.

நோட்டில் ஒரு கிளைக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, அந்தத் துறையில் வேலை பார்க்கும் ஒருவரிடமாவது காலையிலிருந்து மாலைவரை என்ன செய்கிறார் என்று கேட்டு எழுதுங்கள். துணைமின் நிலையத்தில் பணியாற்றும் என் நண்பர் ஒருவர், மின்மாற்றி எண்ணெயை எப்படிச் சோதிப்பார்கள் என்று எங்கள் மாணவர்களுக்கு விளக்கினார். சிறிய கலத்தில் எண்ணெயை ஊற்றி, 2.5 மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கும் இரண்டு உலோக முனைகளுக்கு நடுவே மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போவார்கள். எந்த அளவில் எண்ணெயைக் கிழித்துக்கொண்டு பொறி பறக்கிறதோ அதைக் குறித்துக்கொள்வார்கள். எண்ணெயில் ஈரம் சேர்ந்திருந்தால் பொறி சீக்கிரமே பறந்துவிடும். இதைக் கேட்டபோது கண் விரிந்த பையன் மின் பொறியியல் எடுத்தான். அவனுக்கு அது பொருந்தியது. கேட்கும்போதே அலுப்புத் தட்டினால் அதுவும் பயனுள்ள பதில்தான்.

என் கருத்தைக் கேட்டால், ஆசிரியரும் ஆய்வகமும் சரியாக இல்லாத கல்லூரியின் கணினிப் பிரிவைவிட, நல்ல கல்லூரியின் மின் பொறியியலோ மின்னணுத் தொடர்பியலோ மேலானது. மென்பொருள் நிறுவனங்கள் கல்லூரி வழியாக ஆளெடுக்கும் வளாகத் தேர்வில் மற்றக் கிளை மாணவர்களும் பெரும்பாலும் கலந்துகொள்ளலாம். ஆனால் மின்வாரியத்தின் உதவிப் பொறியாளர் மின்னியல் பணிக்கோ பொதுப்பணித் துறையின் கட்டுமானப் பணிக்கோ உரிய கிளையில் பட்டம் இல்லாமல் விண்ணப்பிக்க முடியாது.

படி 4: கல்லூரியை எண்களால் விசாரியுங்கள்

மதுரை மாணவருக்கு அருகில் கிடைப்பவை கொஞ்சமல்ல. திருப்பரங்குன்றத்தில் 1957-இல் தொடங்கப்பட்ட தியாகராசர் பொறியியல் கல்லூரி அரசு உதவி பெறும் தன்னாட்சிக் கல்லூரி. அங்கே சுயநிதிப் பிரிவுகளும் உண்டு, இரண்டுக்கும் கட்டணம் வேறு. கீழக்குயில்குடியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் மண்டல வளாகம் இருக்கிறது. காரைக்குடியில் 1952-இல் தொடங்கிய அழகப்பா செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியும், போடிநாயக்கனூரில் அரசு பொறியியல் கல்லூரியும் பேருந்தில் போய்ச் சேரும் தொலைவில்தான். இவை தவிர மதுரையிலும் விருதுநகர், சிவகங்கை, திண்டுக்கல் மாவட்டங்களிலும் சுயநிதிக் கல்லூரிகள் பல.

நாக் தரச்சான்று கல்லூரி முழுமைக்கும் வழங்கப்படுவது. என்பிஏ அங்கீகாரம் தனித்தனிப் படிப்புக்கு வழங்கப்படுவது. "எங்களுக்கு என்பிஏ இருக்கிறது" என்று சொன்னால், நான் சேரப்போகும் கிளைக்கு இருக்கிறதா, எந்த ஆண்டு வரை செல்லும் என்று கேளுங்கள்.

வேலைவாய்ப்பைப் பற்றிச் சொல்லப்படும் நூறு சதவீதத்தை மூன்று கேள்விகளால் பிரித்துப் பார்க்கலாம். கடந்த ஆண்டு அந்தக் கிளையில் படித்து முடித்தவர்கள் எத்தனை பேர்? வளாகத் தேர்வுக்குப் பதிவு செய்ய அனுமதிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர்? வேலை பெற்ற மாணவர்கள் எத்தனை பேர்? ஒரே மாணவர் மூன்று நிறுவனங்களின் கடிதத்தைப் பெற்றால் அதை மூன்றாக எண்ணிச் சொல்லும் வழக்கம் உண்டு. அரியர் வைத்திருப்பவர்களைப் பதிவு செய்ய விடாமலேயே விகிதத்தை உயர்த்துவதும் உண்டு. மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசையில் பங்கேற்கும் கல்லூரிகள், படித்து முடித்தவர்களின் எண்ணிக்கை, வேலை பெற்றவர்களின் எண்ணிக்கை, அவர்களின் இடைநிலைச் சம்பளம் ஆகியவற்றைத் தம் இணையதளத்திலேயே வெளியிட வேண்டும். இடைநிலைச் சம்பளம் என்பது வேலை பெற்றவர்களை ஊதிய வரிசைப்படி நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்கும் தொகை. பதாகையில் அச்சிடப்படும் உச்சபட்சச் சம்பளம் ஒரே ஒருவருடையதாக இருக்கலாம். நடுவில் நிற்பவரின் சம்பளத்தை நோட்டில் எழுதுங்கள்.

கலந்தாய்வு தொடங்கும் முன்பே, இடம் தீர்ந்துவிடும் என்று பயமுறுத்தி நிர்வாக ஒதுக்கீட்டுக்குப் பணம் கேட்பவர்கள் இருப்பார்கள். என் உறவினர் பெண் ஒருத்திக்கு அப்படி முன்பணம் கட்டிவிட்டு, பிறகு கலந்தாய்விலேயே அதைவிட நல்ல இடம் கிடைத்தபோது, கட்டிய பணத்தைத் திரும்பப் பெற ஐந்து மாதம் நடக்க வேண்டியிருந்தது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது, தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்திய அமைப்பான ஏஐசிடிஇயின் விதி. சரிபார்த்தவுடன் கையோடு திரும்ப வாங்கிவிடுங்கள்.

படி 5: விருப்பப் பட்டியலை ஆசைப்படும் வரிசையில் எழுதுங்கள்

நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் தவறு செய்யும் இடம் இது. "அந்தக் கல்லூரி எனக்கு எப்படியும் கிடைக்காது, அதை முதலில் போட்டால் கிடைக்கக்கூடியதும் போய்விடும்" என்று அஞ்சி, நடுத்தரமான கல்லூரியை முதல் வரியில் எழுதிவிடுகிறார்கள். ஒதுக்கீடு நடக்கும் விதத்தைப் புரிந்துகொண்டால் இந்த அச்சத்துக்கு இடமே இல்லை. தரவரிசையில் உங்கள் முறை வரும்போது, கணினி உங்கள் பட்டியலின் முதல் வரியைப் பார்க்கிறது. அங்கே பொதுப்பிரிவிலோ உங்கள் வகுப்புக்கான ஒதுக்கீட்டிலோ இடம் இருந்தால் கொடுக்கிறது, இல்லையென்றால் இரண்டாம் வரிக்குப் போகிறது. மேலே பத்து வரிகள் கிடைக்காமல் போனாலும் பதினோராவது வரியில் உங்கள் உரிமை குறைவதில்லை. மாறாக, கீழே எழுதிய ஆசைக் கல்லூரியில் இடம் காலியாக இருந்தாலும், மேலே எழுதியது கிடைத்துவிட்டால் கணினி கீழே பார்க்கவே பார்க்காது.

கடந்த ஆண்டுகளில் ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொரு கிளையிலும் எந்த வகுப்பினருக்கு எந்தக் கட் ஆஃப் வரை இடம் கிடைத்தது என்ற விவரம் இணையத்தில் இருக்கிறது. உங்களுடையது 172 என்றால், 185 வரை போன இடங்கள் சில, 172-ஐ ஒட்டியவை நிறைய, 155 வரை வந்தவை சில என்று தேர்ந்தெடுத்து, நோட்டில் கல்லூரிக் குறியீட்டு எண்ணோடு எழுதுங்கள். பட்டியலுக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. ஐம்பது அறுபது வரிகள் இருந்தால் நல்லது. ஆனால் கிடைத்தால் சேர மாட்டேன் என்று நினைக்கும் ஒரு வரியும் அதில் இருக்கக் கூடாது. இணையத்தில் பதிவு செய்ய இரண்டு மூன்று நாள்களே தருவார்கள் என்பதால், நோட்டில் முன்கூட்டியே எழுதியவர்கள் நிதானமாகப் பார்த்து ஏற்றலாம்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் ஐந்து தெரிவுகள் கிடைக்கும்: ஏற்றுச் சேர்வது, ஏற்றுக்கொண்டு மேல் வரிகளுக்குக் காத்திருப்பது, மறுத்து மேல் வரிகளுக்கு மட்டும் காத்திருப்பது, மறுத்து அடுத்த சுற்றுக்குச் செல்வது, விலகுவது. பெரும்பாலோருக்கு இரண்டாவதே பொருத்தம். கையில் ஒன்று இருக்க, மேலே ஒன்று காலியானால் அது தானாக வரும். காலக்கெடுவுக்குள் எதையும் உறுதிசெய்யாமல் விட்டால் இடம் போய்விடும். அன்று இணையம் இல்லாத ஊரில் திருவிழாவுக்குப் போய்விடாதீர்கள்.

படி 6: முதலாண்டில் அரியர் வைக்காதீர்கள்

பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு முதல் மூன்று மாதம் கடினமாக இருக்கும். பாடம் புரியாததற்குக் காரணம் பாதி நேரம் பொறியியல் அல்ல, ஆங்கிலம்தான். புதுச் சொற்களை நோட்டில் பொருளோடு எழுதி வந்தால் அரையாண்டுக்குள் பிடிபடும். அண்ணா பல்கலைக்கழகம் 2010 முதலே கட்டுமானவியலையும் இயந்திரவியலையும் தமிழ் வழியிலும் நடத்தி வருகிறது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

முதலாண்டுக் கணிதத்திலும் பொறியியல் வரைபடத்திலும்தான் அரியர் அதிகம் விழுகிறது. வரைபடத்தை எழுதிப் படிக்க முடியாது. தினமும் ஒரு தாளை டிராஃப்டர் வைத்து வரைந்தே பழக வேண்டும். வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வெழுதுவதே சிக்கலாகும். பெரிய மென்பொருள் நிறுவனங்கள் பலவும் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் மூன்றிலும் 60 சதவீதமும், தேர்வின்போது நிலுவை அரியர் இல்லாமையும் எதிர்பார்க்கின்றன. மூன்றாம் ஆண்டில் வரும் வாய்ப்பின் கதவை முதலாண்டுக் கணிதம் அடைத்துவிடக் கூடாது.

படி 7: இரண்டாம் ஆண்டிலிருந்து வேலைக்குத் தயாராகுங்கள்

வளாகத் தேர்வுகள் பெரும்பாலும் ஆறாம் பருவத்தின் இறுதியிலோ ஏழாம் பருவத்திலோ தொடங்கும். எண்கணிதத் திறன், தர்க்கம், ஆங்கிலம், ஒரு கணினி மொழி ஆகிய நான்கும் எல்லாக் கிளையினருக்கும் வேண்டும். 2022 மார்ச் 1-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டப் பயிற்சிகளும், ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் என்பிடெல் பாடங்களும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. என்பிடெல்லில் சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும்தான் பணம்.

விடுமுறையில் தொழிற்சாலையில் இரண்டு வாரப் பயிற்சிக்கு இடம் கேளுங்கள். கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய பட்டறையில் பயிற்சி பெற்ற மாணவன், கடைசல் இயந்திரத்தில் தானே செய்து கெடுத்த தண்டு ஒன்றைப் பற்றி நேர்முகத் தேர்வில் பத்து நிமிடம் பேசினான். ஏன் கெட்டது, அளவு எங்கே தவறியது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. சான்றிதழுக்காக மட்டும் பணம் கட்டி வாங்கும் பயிற்சியில் அப்படிப் பேச எதுவும் இருக்காது.

படி 8: கேட் தேர்வை மூன்றாம் ஆண்டிலேயே எழுதுங்கள்

வளாகத் தேர்வு ஒரு வாயில்தான். டிஎன்பிஎஸ்சி பொறியியல் பணிகளுக்கு நடத்தும் தேர்வு, ரயில்வேயின் இளநிலைப் பொறியாளர் தேர்வு, யுபிஎஸ்சியின் இந்தியப் பொறியியல் பணிகள் தேர்வு ஆகியவையும் இருக்கின்றன. பொறியியல் மாணவர்களுக்கான அகில இந்தியத் தகுதித் தேர்வான கேட்டின் மதிப்பெண்ணைக் கொண்டு ஐஐடி, என்ஐடிகளில் முதுகலை படிக்கலாம். அப்படிச் சேர்பவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. பொதுத்துறை நிறுவனங்கள் சிலவும் இந்த மதிப்பெண்ணைப் பார்த்தே ஆளெடுக்கின்றன. விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கும். தேர்வு பிப்ரவரியில், முடிவு மார்ச்சில். மதிப்பெண் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். மூன்றாம் ஆண்டில் எழுதி நல்ல மதிப்பெண் பெற்றுவிட்டால், பட்டம் வாங்கிய பிறகும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அதைப் பயன்படுத்தலாம். சரியாக அமையாவிட்டால் இறுதியாண்டில் மறுபடி எழுத ஒரு வாய்ப்பு கையில் இருக்கும். விண்ணப்பம் தொடங்கும் மாதத்தை நோட்டின் பின்னட்டையில் இப்போதே எழுதி வையுங்கள்.