குதிரைக்குட்டி பழக்கணுமா? முதலில் கயிற்றை விடப் பழகுங்கள்

வடசென்னையில் வியாசர்பாடி, காசிமேடு பக்கம் குட்டி வாங்கிக் கட்டியிருக்கும் தம்பிகள் எல்லாரும் முதலில் கேட்பது, "எப்போ ஏறலாம்ணா?" மூன்று வயதுக்கு முன்னால் வேண்டாம். முன்னங்கால் முட்டி எலும்பு முதிரவே இரண்டரை வயதாகும், முதுகெலும்புக்கு ஐந்துக்கு மேல் ஆகும். அதுவரை தரையில் நின்றே சொல்லிக்கொடுக்க நிறைய இருக்கிறது.

தலைக்கயிறு மாட்டி இடது தோள் பக்கம் நில்லுங்கள். மூக்குக்கு நேர் முன்னால், வாலுக்கு நேர் பின்னால் நிற்பவரை அதற்குத் தெரியாது. கயிற்றை மெதுவாக இழுத்து அப்படியே பிடித்திருங்கள். கழுத்தை விறைக்கும், பின்னால் சாயும், தலையைத் தூக்கும். வெடுக்கென்று இழுக்காதீர்கள், விடவும் விடாதீர்கள். குளம்பு அரை அடி முன்னால் வந்ததா, ஏன், உடம்பு லேசாக முன்னால் சாய்ந்ததா, அந்த நொடியே கயிற்றைத் தளர்த்துங்கள். குட்டி படிப்பது அந்தத் தளர்வில்தான். நீங்கள் அசந்து, அது தலையைத் தூக்கும்போது விட்டீர்களென்றால் தலையைத் தூக்கத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள். கால் மணி நேரம் போதும், அதுவும் வெயில் ஏறுவதற்குள்.

அப்புறம் பின்பக்கத்தை நகர்த்தப் பழக்குங்கள். ஏறினால் உங்கள் குதிகால் படும் இடத்தில் விரலால் அழுத்துங்கள். ஒரு பின்னங்கால் மற்றதன் முன்னால் குறுக்கே போனதும் கையை எடுங்கள். நாளைக்கு இதுதான் பிரேக். மிரண்டு ஓடும் குதிரையை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் இன்னும் முட்டிக்கொண்டு ஓடும், ஒரு பக்கம் தலையைத் திருப்பிப் பின்பக்கத்தை விலக்கினால் வேகம் செத்துவிடும். அமெரிக்கப் பண்ணைகள் பலவற்றில் இளங்குதிரைக்கு இதை ஆரம்பத்திலேயே ஊட்டுகிறார்கள். பலர் வாய்க்கு இரும்பே போடாமல் மூக்குப் பட்டையில்தான் ஆரம்பிக்கிறார்கள். நாமும் அப்படியே செய்யலாம். கடிவாளம் போடுவதென்றால் அதற்கு முன்னால் கால்நடை மருத்துவரிடம் பல்லைக் காட்டிவிடுங்கள்.

நம் ஏரியாவில் பெரிய பாடம் கன்டெய்னர் லாரி. காது விறைத்தாலும் புல் மேய்வதை நிறுத்தாத தூரம் எதுவோ, அங்கிருந்து தொடங்குங்கள். லாரியை அது பார்க்கட்டும். "முகம் திருப்ப விடாதே" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மிரளுவதற்கு முன்னாலேயே நீங்களாகப் பின்வாங்குங்கள், மறுநாள் கொஞ்சம் கிட்டே போங்கள். தார் ரோட்டில் விரட்டுவது வேண்டவே வேண்டாம், கால் போய்விடும். கடற்கரையில் பாதி இடம் கருங்கல் கொட்டிய கரை. மணல் கிடைக்கிற இடத்தில் ஈரமான கெட்டி மணலாகப் பாருங்கள், கால் புதையும் மணல் தசைநாரை இழுத்துவிடும். தீவனத்தையும் மணலில் கொட்டாதீர்கள், மண் வயிற்றில் சேர்ந்து வலி வரும்.

சேணத்துக்குப் பழகிய பிறகு எடை குறைந்த ஒருவர் வயிற்றை அதன் முதுகில் வைத்துக் குறுக்கே படுக்கட்டும், இன்னொருவர் கயிற்றைப் பிடிக்கட்டும். அசையாமல் நின்றதும் இறங்கிவிடுங்கள். கால் போட்டு உட்காருவதை இன்னொரு நாள் பார்க்கலாம். ஹெல்மெட் கட்டாயம், பைக்குக்கே போடாத ஆளாக இருந்தாலும் சரி.