பம்ப் காலணி: குதிகாலை மட்டும் பார்ப்பதால் நேரும் தவறுகள்

பம்ப் காலணி என்றதும் பலருடைய கண் குதிகாலின் உயரத்துக்கே போகிறது. பெரும்பாலான தவறுகளும் அங்கேதான் தொடங்குகின்றன. வாரோ நாடாவோ இன்றி, விரல்களை மூடி மேற்பாதத்தைத் திறந்துவிடும் தாழ்ந்த வாய், அதாவது கால் நுழையும் திறப்புதான் இந்தக் காலணியின் அடையாளம். குதிகால் உயர்ந்தும் இருக்கலாம், அரை அங்குலத்தில் நின்றும் விடலாம்.

வரலாற்றைச் சொல்பவர்களும் இதே இடத்தில் சறுக்குகிறார்கள். இது தொடக்கத்திலிருந்தே பெண்களுக்கான காலணி என்பது சரியன்று. 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இத்தகைய மெல்லிய காலணிகளை ஆண்கள் அணிந்தனர். உயர்ந்த குதிகாலும் பாரசீகக் குதிரைவீரர்கள் அங்கவடியில் கால் நிலைக்க அணிந்ததன் வழியாகவே ஐரோப்பாவுக்குப் போனது என்பர். 1701இல் ரிகோ வரைந்த ஓவியத்தில் பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயி சிவப்புக் குதிகாலுடன் நிற்கிறார். ஊசிபோன்ற ஸ்டைலெட்டோ குதிகாலையும் பழங்கால மரபாகக் கருதிவிடக் கூடாது: குதிகாலுக்குள் உலோகத் தண்டு வைக்கும் முறை கைகூடிய 1950களில்தான் அது பரவியது. அதை ஒரே ஒருவரின் கண்டுபிடிப்பாக எழுதுவதும் பொருந்தாது. ரோஜே விவியே, ஃபெரகாமோ, பெரூஜியா ஆகிய மூன்று காலணி வடிவமைப்பாளர்களின் பெயர்களும் அதனுடன் பேசப்படுகின்றன.

வாங்கும்போது செய்யும் தவறுகளில் மிக மோசமானது, விரல் இறுக்குகிறது என்பதற்காக ஓர் அளவு பெரியதை எடுப்பது. கட்டிப்பிடிக்க வார் இல்லாத காலணியைக் காலில் நிறுத்துவது குதிகாலைச் சுற்றிய பின்பகுதியும் முன்பாதத்தின் இருபக்க விளிம்புகளும்தான் என்பதால், நீளம் கூடினால் பாதம் முன்னே வழுக்கி, எந்த விரல்களைக் காப்பாற்ற நினைத்தோமோ அவையே நசுங்கும்; பின்னால் பாதத்தின் குதிகாலும் காலணியை விட்டுக் கழன்று வரும். அப்போது வேண்டியது அகலம் கூடிய அல்லது முனை வட்டமான காலணியே தவிர, நீளம் அல்ல. பகல் முழுவதும் நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலையில், இரண்டு கால்களிலும் போட்டுப் பார்ப்பது நல்லது. மென்தோல் நாளடைவில் இளகும், செயற்கைத்தோல் அவ்வளவாக இளகாது. ஆகவே கடையிலேயே தளர்வாக இருக்கும் தோல் காலணியை நம்பி வாங்க வேண்டாம். உயரத்தை அளக்கும்போதும் முன்னடியின், அதாவது முன்பாதத்துக்குக் கீழுள்ள அடிப்பாகத்தின், தடிமனைக் கழித்தே பார்க்க வேண்டும்: 10 செ.மீ. குதிகாலும் 3 செ.மீ. முன்னடியும் கொண்ட காலணி, பாதத்தை 7 செ.மீ. அளவுக்கே சாய்க்கிறது.

உடையோடு பொருத்தும்போதும் வாயின் வெட்டுதான் கணக்கு. வாய் தாழ்ந்தால் கால் நீண்டு தெரியும். உயர்ந்து மேற்பாதத்தை மூடினால், கணுக்காலுக்குச் சற்று மேலே முடியும் பாவாடையுடன் சேர்ந்து காலைக் குட்டையாக்கும். தோல்நிறக் காலணி என்ற பெயரில் கடை தரும் வெளிர்பழுப்பையே எல்லோரும் வாங்குவது எனக்கு வியப்பளிக்கிறது. நிறம் அணிபவரின் மேனியோடு ஒத்தால்தானே அந்த நீட்சி கிடைக்கும்? காற்சட்டையின் கீழ்விளிம்பைத் தட்டையான செருப்புடன் அளந்து தைத்துவிட்டுப் பம்ப் அணிவதும் வழக்கமான பிழைதான். எந்த உயரத்துடன் அணியப் போகிறோமோ, அந்தக் காலணியைப் போட்டுக்கொண்டே அளவு கொடுக்க வேண்டும்.