எரிசக்தி, நீடித்த நிலைத்தன்மை, உலகமயமாதல்: பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களில் எரிசக்தி வளங்கள், நீடித்த நிலைத்தன்மை, உலகமயமாதல் ஆகிய மூன்றையும் சேர்த்துப் படிக்க வரும் மாணவர்கள் முதல் பருவத்தில் திணறுவதற்குக் காரணம் பாடத்தின் கடினம் என்பதைவிட அதன் பரப்பு என்றே சொல்ல வேண்டும். ஒரு வாரம் எரிவாயு மின்நிலையத்தின் செயல்திறனைப் பற்றி விரிவுரை நடக்கும். மறுவாரம் 1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடி வரும். அதற்கடுத்த வாரம் செம்பனைத் தோட்டங்களும் புகைமூட்டமும் பேசப்படும். தொடக்கக் கல்லூரியில் புவியியல் படித்தவருக்கு முதல் வாரம் கடினமாக இருக்கும்; பலதுறைத் தொழிற்கல்லூரியில் பொறியியல் முடித்தவருக்கு மூன்றாம் வாரம் கடினமாக இருக்கும். இவற்றையெல்லாம் இணைக்கும் கேள்வி ஒன்று உண்டு. எந்த எண்ணைப் பார்த்தாலும், எந்த வாதத்தைக் கேட்டாலும், அதன் கணக்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எல்லைக்கோட்டை வரைந்தவர் யார் என்று கேட்பதுதான் அது. இந்தக் கேள்வியைக் கேட்கப் பழகியவருக்குப் பாடத்தின் பாதி கைவசமாகிவிடும் என்பது என் உறுதியான கருத்து.

வீட்டுப் பயனீட்டுக் கட்டணச் சீட்டிலிருந்து தொடங்குங்கள்

பாடநூலின் முதல் அத்தியாயத்தைத் திறப்பதற்கு முன், வீட்டிற்கு மாதந்தோறும் வரும் பயனீட்டுக் கட்டணச் சீட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் மின்சாரம் கிலோவாட் மணியில் குறிக்கப்பட்டிருக்கும். அந்த மின்சாரம் வந்த வழியைப் பின்னோக்கித் தேடிச் செல்வதே முதல் பயிற்சி. சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து உற்பத்தியாகிறது. 2000ஆம் ஆண்டுவாக்கில் பெரும்பகுதி எரியெண்ணெயைக் கொண்டே உற்பத்தி செய்யப்பட்டது. இந்தோனீசியாவின் மேற்கு நத்துனாவிலிருந்து 2001இலும் தெற்குச் சுமத்திராவிலிருந்து 2003இலும் கடலடிக் குழாய்வழி எரிவாயு வரத் தொடங்கிய பிறகு நிலைமை மாறியது. மலேசியாவிலிருந்தும் குழாய்வழி எரிவாயு வருகிறது. 2013இல் ஜூரோங் தீவில் திரவ இயற்கை எரிவாயு முனையம் செயல்படத் தொடங்கியது. அதனால் குழாய் எட்டாத தொலைவிலுள்ள நாடுகளிலிருந்தும் கப்பல்வழி எரிவாயு வாங்க முடிந்தது.

அந்த முனையம் இரண்டு விளைவுகளைக் கொண்டுவந்தது. அண்டை நாட்டுக் குழாய்களை மட்டும் நம்பியிருக்கும் நிலை நீங்கியது. அதே வேளையில் உலகச் சந்தையின் ஏற்றத்தாழ்வு நம் மின்கட்டணத்தோடு நேரடியாகப் பிணைந்தது. 2021ஆம் ஆண்டின் பிற்பாதியில் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் எரிவாயு விலை கடுமையாக உயர்ந்த நேரத்தில் இந்தோனீசியாவிலிருந்து குழாய்வழி வரும் எரிவாயுவின் வரத்தும் குறைந்தது. மின்சாரத்தைச் சந்தையில் வாங்கி வீடுகளுக்கு விற்றுவந்த சில்லறை நிறுவனங்கள் சில அப்போது தொழிலை விட்டே விலகின. 2022 பிப்ரவரியில் உக்ரேனில் போர் தொடங்கியதும் நெருக்கடி நீண்டது. உலகமயமாதல் என்ற அத்தியாயத்தில் வரையறைகளை மனப்பாடம் செய்வதைவிட, அரைமணி நேரத்திற்கு ஒருமுறை விலை நிர்ணயமாகும் சிங்கப்பூர் மொத்தவிலை மின்சந்தையில் அந்த மாதங்களில் என்ன நடந்தது என்பதைப் படிப்படியாக எழுதிப் பார்ப்பது பன்மடங்கு பயன்தரும். 1973இன் நெருக்கடியும், அதன் விளைவாக 1974இல் அனைத்துலக எரிசக்தி அமைப்பு உருவான வரலாறும் இந்த அண்மை நிகழ்வை அறிந்த பிறகே உயிரோடு புரியும்.

அலகுகளோடு பழகுங்கள்

கிலோவாட் என்பது திறன். கிலோவாட் மணி என்பது ஆற்றலின் அளவு. இந்த வேறுபாட்டைக் குழப்பிக்கொண்டு எழுதப்படும் கட்டுரைகள் இறுதியாண்டு வரையிலும் தொடர்வது வருத்தத்திற்குரியது. ஒரு கிலோவாட் மணி என்பது 3.6 மெகாஜூல் என்பதில் தொடங்கி, மெகாவாட், ஜிகாவாட் மணி, டெராவாட் மணி ஆகியவற்றிற்கிடையே கணிப்பான் இல்லாமலேயே மாறிச் செல்லும் அளவுக்குப் பயிற்சி வேண்டும். கணிதம் பயின்றவராக இருக்கத் தேவையில்லை. பெருக்கலும் வகுத்தலும் போதும்.

ஓர் எடுத்துக்காட்டைச் செய்து பார்ப்போம். தெங்கே நீர்த்தேக்கத்தில் 2021 ஜூலையில் திறக்கப்பட்ட மிதக்கும் சூரியசக்தி நிலையம் சுமார் 45 ஹெக்டர் பரப்பில் 60 மெகாவாட் உச்சத்திறன் கொண்டது. சிங்கப்பூரின் வெயிலில் ஒரு கிலோவாட் உச்சத்திறனுள்ள தகடுகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 கிலோவாட் மணி மின்சாரம் தரும் என்று வைத்துக்கொண்டால், அந்த நிலையம் ஆண்டுக்குச் சுமார் 72 ஜிகாவாட் மணி தருகிறது. நாட்டின் ஆண்டு மின்பயன்பாடு ஏறத்தாழ 55 டெராவாட் மணி, அதாவது 55,000 ஜிகாவாட் மணி. வகுத்துப் பார்த்தால் நிலையத்தின் பங்கு 0.13 விழுக்காடு. இதோடு நிறுத்தினால் இந்தத் திட்டம் வெறும் காட்சிப்பொருள் என்ற முடிவுக்கு ஒருவர் வந்துவிடக்கூடும். ஆனால் எல்லைக்கோட்டை நாட்டைச் சுற்றி வரையாமல் உள்ளூர் நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களைச் சுற்றி வரைந்தால், அந்த ஐந்து நிலையங்களின் மின்தேவைக்கு ஈடான அளவை அதே தகடுகள் தருகின்றன. இரண்டு எண்களும் உண்மையே. உங்கள் கட்டுரை எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறது என்பதைப் பொறுத்தே எது பொருந்தும் என்று முடிவு செய்ய வேண்டும்.

கரிம வரியையும் இவ்வாறே கணக்கிடலாம். 2019இல் ஒரு டன் கரியமில வாயு வெளியேற்றத்திற்கு 5 சிங்கப்பூர் வெள்ளியாகத் தொடங்கிய வரி 2024இல் 25 வெள்ளியாகவும் 2026இல் 45 வெள்ளியாகவும் உயர்ந்தது. 2030க்குள் 50 முதல் 80 வெள்ளி வரை உயர்த்துவது இலக்கு. ஆண்டுக்கு 25,000 டன் அல்லது அதற்குமேல் வெளியேற்றும் ஆலைகளும் மின்நிலையங்களும் இதைச் செலுத்துகின்றன. நம் மின்கட்டமைப்பில் ஒரு கிலோவாட் மணிக்கு ஏறத்தாழ 0.4 கிலோகிராம் கரியமில வாயு வெளியாகிறது. ஆகவே மாதம் 350 கிலோவாட் மணி பயன்படுத்தும் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் பங்கு 140 கிலோகிராம். டன்னுக்கு 45 வெள்ளி எனில் வரியின் சுமை 6 வெள்ளி 30 காசு. கரிம வரியை ஆதரித்தோ எதிர்த்தோ எழுதுவதற்கு முன் இந்த ஒரு வரிக் கணக்கைச் செய்தவருக்கு, குறைந்த வருமானக் குடும்பங்களுக்குத் தரப்படும் பயனீட்டுக் கட்டணத் தள்ளுபடிகளைப் பற்றி அளவோடு பேச முடியும். செய்யாதவர் உணர்ச்சியைக் கொண்டே பக்கங்களை நிரப்ப நேரும்.

எல்லைக்கோடுகளைக் கேள்வி கேளுங்கள்

பாடத்தின் மிக ஆழமான பகுதி இதுவே என்பதால் நேரத்தில் பெரும்பங்கை இதற்கே ஒதுக்குங்கள். சிங்கப்பூரின் கரிம வெளியேற்றம் எவ்வளவு என்ற எளிய கேள்வியை எடுத்துக்கொள்வோம். 2022ஆம் ஆண்டிற்கான தேசியக் கணக்கு ஏறத்தாழ 58 முதல் 59 மில்லியன் டன். உலக அளவில் இது 0.1 விழுக்காட்டை ஒட்டியது. ஆனால் சிங்கப்பூர் உலகின் மிகப்பெரிய கப்பல் எரிபொருள் நிரப்பும் துறைமுகம். 2023இல் இங்கே விற்கப்பட்ட கப்பல் எரிபொருள் 51 மில்லியன் டன்னுக்கும் அதிகம். ஒரு டன் எரிபொருள் எரிந்தால் ஏறத்தாழ 3.1 டன் கரியமில வாயு உண்டாகும் என்பதால், அந்த விற்பனையின் வெளியேற்றம் 155 மில்லியன் டன்னைத் தாண்டும். அது தேசியக் கணக்கைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். ஐக்கிய நாடுகளின் கணக்கு விதிகளின்படி அனைத்துலகக் கப்பல், விமானப் பயணங்களுக்கான எரிபொருள் எந்த நாட்டின் மொத்தத்திலும் சேராமல் தனிக்குறிப்பாகவே பதிவாகிறது.

இதைக் கண்டவுடன் சிங்கப்பூர் எதையோ மறைக்கிறது என்று எழுதத் தோன்றும். அது அவசர முடிவு. அந்தக் கப்பல்கள் சுமப்பது சீனாவில் செய்து ஐரோப்பாவில் வாங்கப்படும் பொருள்களையும், இன்னும் பல நாடுகளின் சரக்கையும்தான். எரிபொருளை விற்ற துறைமுகமா, கப்பலின் உரிமையாளரா, கப்பல் பதிவான நாடா, சரக்கை வாங்கியவரா, யாருடைய கணக்கில் அதை எழுதுவது என்பதற்கு நியாயமான விடைகள் பல உண்டு. ஒவ்வொரு விடையும் யாருக்குச் சாதகம், யாருக்குப் பாதகம் என்று ஆராய்வதே பல்கலைக்கழகத் தரமான படிப்பு. தரவு நிலையங்களையும் இவ்வாறே பாருங்கள்: 2020இல் நாட்டின் மின்பயன்பாட்டில் சுமார் 7 விழுக்காடு அவற்றிற்குச் சென்றது, அவற்றின் சேவையைப் பெறுபவர்களில் பலர் வேறு நாடுகளில் இருக்கிறார்கள்.

எல்லைக்கோடு மறுபக்கமும் வெட்டும். லாவோசின் நீர்மின்சாரம் தாய்லாந்து, மலேசியா வழியாக 2022 ஜூன் முதல் 100 மெகாவாட் வரை சிங்கப்பூருக்கு வரத் தொடங்கியது; இத்தகைய குறைந்த கரிம மின்சார இறக்குமதியை 2035க்குள் 6 ஜிகாவாட் அளவுக்கு உயர்த்துவது இப்போதைய நோக்கம். நம் கணக்கில் அது தூய மின்சாரம். மேக்கோங் ஆற்றுப் படுகையில் அணைகளுக்குக் கீழே மீன்பிடித்து வாழும் கம்போடிய, வியட்னாமியக் குடும்பங்களையும் கணக்கில் சேர்த்தால் படம் சிக்கலாகிறது. எரிவாயுவும் அப்படித்தான்: மின்நிலையத்தின் புகைபோக்கியில் அளந்தால் நிலக்கரியைவிட அது மிகவும் மேலானது, ஆனால் கிணற்றிலும் குழாயிலும் கசியும் மீத்தேன் நூறாண்டு அளவில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பமூட்டுவது என்பதால், கசிவு மிகுந்தால் அந்த மேன்மை தேய்கிறது.

இந்தோனீசியாவில் காடுகள் எரிவதால் சிங்கப்பூரைச் சூழும் புகைமூட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பகுதியை விட முடியாது. 2013 ஜூன் 21 அன்று காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டதை இன்று பல்கலைக்கழகத்தில் இருப்பவர்கள் சிறுவயது நினைவாக அறிந்திருக்கலாம். அடுத்த ஆண்டே எல்லை தாண்டிய புகைமூட்டத் தூய்மைக்கேட்டுச் சட்டம் இங்கே நிறைவேறியது. வெளிநாட்டில் தீ மூட்டிய நிறுவனத்தையும் பொறுப்பாக்க முனையும் அந்தச் சட்டத்தையும், சதுப்புநிலக் காடுகளை எரிக்கும் பொருளாதாரக் காரணங்களையும், அங்கிருந்து வரும் செம்பனை எண்ணெய் நம் சமையலறைப் பொருள்களிலும் சோப்பிலும் கலந்திருப்பதையும் ஒன்றாக வைத்துப் படித்தால் மூன்று பாடங்களும் ஒன்றாகும்.

எங்கே, எதைப் படிப்பது

தேசியப் பல்கலைக்கழகத்தில் 2011 முதல் சுற்றுச்சூழல் ஆய்வியல் இளநிலைப் பட்டம் உண்டு; நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2015இல் ஆசியச் சுற்றுச்சூழல் பள்ளி தொடங்கப்பட்டது. பொறியியல், பொருளியல், புவியியல் மாணவர்களும் இப்பாடங்களை விருப்பப் பாடமாக எடுக்கலாம். பட்டத்தின் பெயரைவிடப் பாடப்பட்டியலைப் பாருங்கள்: ஒரு பருவமாவது வெப்ப இயக்கவியலின் அடிப்படை, ஒரு பருவமாவது பொருளியல், ஒரு பருவமாவது தென்கிழக்காசிய அரசியல் அல்லது வரலாறு இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று இல்லையென்றால் விருப்பப் பாடமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தரவைத் தேடும்போது மூலத்திற்குச் செல்லுங்கள். எரிசக்திச் சந்தை ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் புள்ளிவிவரத் தொகுப்பு, ஐக்கிய நாடுகளின் வணிகத் தரவுத்தளம், அனைத்துலக எரிசக்தி அமைப்பின் நாட்டு அறிக்கைகள் ஆகிய மூன்றையும் முதல் பருவத்திலேயே திறந்து பழகிவிடுவது நல்லது. வட்டார அரசியல் பொருளியலுக்கு, 1968இல் நிறுவப்பட்ட யூசோஃப் இஷாக் தென்கிழக்காசிய ஆய்வுக் கழகத்தின் நூலகம் பெருஞ்செல்வம். தேசியப் பல்கலைக்கழகத்திற்குப் பக்கத்திலேயே இருந்தும் இளநிலை மாணவர்கள் அதைப் போதிய அளவு பயன்படுத்துவதில்லை.

ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும்போது

இறுதியாண்டு ஆய்வேட்டுக்கு ‘ஆசியாவில் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி’ போன்ற அகன்ற தலைப்பை எடுக்காதீர்கள். இரண்டு இடங்களையும் ஒரு கேள்வியையும் எடுங்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்த மாணவர்களுக்கு இங்கே மற்றவர்களுக்கு இல்லாத வாய்ப்பு ஒன்று உண்டு. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியது. ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய முப்பந்தலில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் உற்பத்தி பெருகி, பிறகு சரிகிறது. 1956இல் தொடங்கிய நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் இன்னும் இயங்குகிறது. கூடங்குளத்தில் அணுமின் நிலையமும் அதற்கெதிரான நீண்ட மீனவர் போராட்டத்தின் வரலாறும் உள்ளன. சிங்கப்பூரிலோ காற்றின் சராசரி வேகம் நொடிக்கு 2 மீட்டர் அளவிலேயே இருப்பதால் பெரிய காற்றாலைகள் இயங்கா. வளம் இருந்தும் சேமிப்பும் மின்கடத்தலும் சிக்கலாகும் ஒரு மாநிலத்தையும், வளமின்றி வணிகத்தால் அதை ஈடுகட்டும் ஒரு நகர நாட்டையும் ஒப்பிடும் ஆய்வுக்குச் சட்டமன்ற விவாதங்களும் நாளிதழ்ச் செய்திகளும் உள்ளூர் மக்களின் பேட்டிகளும் தமிழிலேயே கிடைக்கும். பேட்டி எடுக்கத் திட்டமிட்டால், பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். பேட்டிக் கேள்விகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி இணைக்கக் கேட்பார்கள்.

மேற்பார்வையாளரைச் சந்திக்கும் முன் ஒரே ஒரு பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். அதில் கேள்வி ஒரு வாக்கியத்தில் இருக்க வேண்டும். கணக்கின் எல்லை எந்த நாடு, எந்த ஆண்டுகள், எந்தக் கட்டம் முதல் எந்தக் கட்டம் வரை என்பது அடுத்த சில வரிகளில் வர வேண்டும். கையிலுள்ள தரவு எது, கிடைக்காமல் போகக்கூடியது எது என்பது அதற்குக் கீழே. கடைசியில், மேலே தெங்கே நிலையத்திற்குச் செய்ததுபோல, விடை ஏறத்தாழ எந்த அளவில் இருக்கும் என்ற கைக்கணக்கு ஒன்று. அந்தப் பக்கத்தைப் பார்த்த மேற்பார்வையாளர் எல்லையைச் சுருக்கச் சொன்னால் தயங்காமல் சுருக்குங்கள். எந்தப் பகுதியை வெட்டினீர்கள், ஏன் வெட்டினீர்கள் என்பதை ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்திலேயே வாசகருக்கு எழுதிவிடுங்கள்.