லைனர் போட்டுக் கட்டும் தோட்டக் குளம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தரையில் குழி தோண்டாமல், சுவர் எழுப்பி, உள்ளே லைனர் (தண்ணீர் கசியாத ரப்பர் அல்லது பிளாஸ்டிக் ஷீட்) விரித்துத் தண்ணீர் நிரப்புகிற குளம் சுலபமான வேலையாகத்தான் தெரியும். குனியாமல் மீன் பார்க்கலாம், மழைச்சேறு உள்ளே ஓடி வராது, செடிகளைப் பராமரிப்பதும் எளிது. ஆனால் குளத்தில் ஏதாவது கோளாறு என்றால் எல்லோரும் முதலில் லைனரைத்தான் குறை சொல்கிறார்கள். லைனரின் வேலை தண்ணீரைக் கசியவிடாமல் வைத்திருப்பது மட்டும்தான். தண்ணீரைத் தாங்க வேண்டியது சுவரும் தரையும். இதை மறந்துவிட்டு வேலையை ஆரம்பிப்பதில்தான் பெரிய தவறுகள் எல்லாம் நடக்கின்றன.

கணக்கைப் பாருங்கள். 2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் ஆழம் உள்ள சாதாரணக் குளத்தில் 1,800 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதாவது 1,800 கிலோ. இறுகாத மண்ணின் மேல் இதைக் கட்டினால் ஒரு பக்கம் உள்வாங்கும், சுவரில் விரிசல் விடும். அஸ்திவாரத்துக்காக மேல்மண்ணை நீக்கி, கெட்டியான மண் வரும்வரை தோண்டி, நன்றாக இடித்து இறுக்கி, அதன் மேல் கான்கிரீட் தளம் போட்ட பிறகே சுவரை ஆரம்பிக்க வேண்டும். மொட்டை மாடியில் கட்ட நினைப்பவர்கள் கட்டாயம் ஒரு கட்டடப் பொறியாளரைக் கேளுங்கள். 60 சென்டிமீட்டர் ஆழத் தண்ணீர் மட்டுமே சதுர மீட்டருக்கு 600 கிலோ. வீட்டுத் தளங்களைப் பெரும்பாலும் சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவுக்கு ஆட்கள், சாமான்கள் வரும் என்று கணக்கிட்டே கட்டுகிறார்கள்.

கீழ்நோக்கிய பாரத்தையாவது பலர் யோசிக்கிறார்கள். பக்கவாட்டில் தண்ணீர் தள்ளுவதை யோசிப்பவர்கள் குறைவு. தோண்டிய குளத்துக்குச் சுற்றிலும் மண் முட்டுக்கொடுக்கிறது. எழுப்பிய குளத்துக்கு அந்த ஆதரவு கிடையாது. 60 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு மீட்டர் நீளச் சுவரையும் தண்ணீர் சுமார் 180 கிலோ விசையோடு வெளியே தள்ளும். 2 மீட்டர் சுவருக்கு அது 360 கிலோ. ஆழத்தை இரண்டு மடங்காக்கினால் இந்த விசை நான்கு மடங்காகும். அதனால்தான் ஒற்றைச் செங்கல் கனத்தில் கட்டிய நீளமான சுவர் நடுவில் புடைத்துக்கொள்கிறது. இரட்டைச் செங்கல் கனத்தில் கட்டலாம். ஹாலோ பிளாக் என்றால் துளைகளில் கம்பி இறக்கிக் கான்கிரீட் நிரப்ப வேண்டும். மரப்பலகையில் செய்தால் கனமான தூண்களை நெருக்கமாக நட்டு, எதிரெதிர்ச் சுவர்களை மேலே குறுக்குச் சட்டத்தால் இணைத்துவிடுங்கள். கட்டிய கையோடு தண்ணீர் விட ஆசை வரும், வேண்டாம். சிமெண்ட் கலவை முழு பலத்தைப் பெற ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். அதில் முதல் ஒரு வாரமாவது சுவரை ஈரமாகவே வைத்திருங்கள்.

மட்டம் இன்னொரு விஷயம். சுவரில் 2 சென்டிமீட்டர் சாய்வு இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் நிரம்பிய அன்றே தெரிந்துவிடும்: ஒரு பக்கம் விளிம்பு வரை தண்ணீர், எதிர்ப்பக்கம் கறுப்பாகத் தெரியும் லைனர். அப்புறம் சரிசெய்ய வழியே இல்லை. தளம் போடும்போதும், முதல் வரிசையிலும், கடைசி வரிசையிலும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். எதிரெதிர் மூலைகளை ஒப்பிட, கொத்தனார்கள் பயன்படுத்தும் தண்ணீர் நிரப்பிய ட்யூப்தான் சிறந்த கருவி.

சரி, இப்போது லைனர். சாதாரணத் தார்ப்பாய் வெயிலில் சீக்கிரம் நொறுங்கிப்போகும். எச்.டி.பி.ஈ. (அடர்த்தியான பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்) ஷீட் உறுதியானதுதான், ஆனால் விறைப்பானது, சிறிய குளத்தின் மூலைகளில் மடங்காது, பெரிய பண்ணைக் குட்டைகளுக்கே பொருந்தும். சின்னக் குளத்துக்கு என் தேர்வு 1 மில்லிமீட்டர் கனமுள்ள ஈ.பி.டி.எம். ரப்பர். நீண்டு கொடுக்கும், வெயிலைத் தாங்கும். பி.வி.சி. விலை குறைவு, ஆயுளும் குறைவு.

அளவெடுக்கும்போது ஆழத்தை ஒரு தடவை மட்டும் கூட்டிவிட்டுப் பிறகு தவிப்பவர்கள் உண்டு. நீளத்தோடு ஆழத்தின் இரு மடங்கு, அதோடு விளிம்புக்காக ஒவ்வொரு பக்கத்துக்கும் 30 சென்டிமீட்டர். அகலத்துக்கும் அப்படியே. மேலே சொன்ன குளத்துக்கு 3.8 மீட்டருக்கு 3.3 மீட்டர் தேவைப்படும். சிக்கனம் பார்க்க இது இடமில்லை.

லைனருக்கு அடியில் விரிப்பு போடாமல் விடவே கூடாது. உள்சுவரில் துருத்தி நிற்கும் கலவைக் கட்டிகளைத் தட்டி எடுத்து, கூரான விளிம்புகளை மழுக்கி, தரையையும் சுவரையும் மறைக்கும்படி ஜியோடெக்ஸ்டைல் துணி (மட்காத செயற்கை இழைத் துணி) விரிக்க வேண்டும். அதற்குப் பதிலாக மணல் போட்டால் தரையில் நிற்கும், சுவரில் நிற்காது. பழைய கம்பளம் நாளடைவில் மட்கிவிடும்.

விரிக்கும் முன் லைனரை வெயிலில் அரை மணி நேரம் போட்டால் இளகிவிடும் (புல்தரையில் வேண்டாம், புல் கருகும்). நான்கு மூலைகளிலும் சின்னச் சின்னச் சுருக்கங்களாக விடாமல், ஒவ்வொன்றிலும் ஒரே பெரிய மடிப்பாக மடித்துவிடுங்கள். மூலையை வெட்டாதீர்கள். விளிம்பை முதலிலேயே இறுக்கிப் பொருத்திவிடுவதுதான் இந்தக் கட்டத்தில் அதிகம் நடக்கும் தவறு. அப்படிச் செய்தால் தண்ணீர் ஏற ஏற லைனர் கீழே போக முடியாமல், அடிமூலையில் தொய்வில்லாமல் விறைத்து நிற்கும். தளர்வாக விட்டு, மெதுவாகத் தண்ணீர் நிரப்பி, மடிப்புகளைக் கையால் நீவிக்கொண்டே வாருங்கள். நிரம்பிய பிறகு விளிம்பைச் சுவர்மேல் மடக்கி, மேலே கல் பதித்து, மிச்சத்தை வெட்டலாம்.

பம்ப் குழாய்க்காக லைனரில் துளை போடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கூடுமானவரை தவிர்த்துவிடுங்கள். நீரில் மூழ்கும் பம்பின் குழாயையும் மின்கம்பியையும் விளிம்புக்கு மேலாகவே கொண்டுபோகலாம்.

மேல்வரிசைக் கல் பதிக்கும்போது உள்ளே விழும் சிமெண்ட், மீனுக்கு நஞ்சு. அதிலுள்ள சுண்ணாம்பு தண்ணீரின் காரத்தன்மையை ஏற்றிவிடும். அந்தத் தண்ணீரை இறைத்துக் கழுவிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அதை நீக்கும் மருந்து கலக்க வேண்டும். அப்போதும் மீன்களை மொத்தமாக விடக் கூடாது. மீன் கழிவில் வரும் அம்மோனியாவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் பெருகப் பல வாரங்கள் பிடிக்கும். முதலில் ஓரிரு மீன்கள் போதும். ஆரம்பத்தில் தண்ணீர் பச்சையானால் பயந்துபோய்க் காலி செய்யாதீர்கள்; செடிகள் வளர வளரத் தெளியும்.

எழுப்பிய குளத்தின் பக்கங்களிலும் வெயில் படுவதால் தண்ணீர் சீக்கிரம் சூடாகும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் தண்ணீர், 30 டிகிரியில் ஏழரைதான் வைத்திருக்கும். மதியத்துக்கு மேல் நிழல் விழும் இடமாகப் பாருங்கள்; நீர்ப்பரப்பில் பாதியை அல்லி இலைகள் மூடட்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் சுவர் உயரமாக இருப்பதே பாதுகாப்பு என்று நம்பிவிடக் கூடாது, ஏறிவிடுவார்கள். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உறுதியான கம்பிவலை பொருத்துங்கள்.

கடைசியாக, தண்ணீர் குறைந்தாலே ஓட்டை என்று முடிவுகட்டாதீர்கள். பம்பை நிறுத்திவிட்டு, ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பிக் குளத்தின் அருகில் வையுங்கள். ஓரிரு நாளில் இரண்டிலும் ஒரே அளவு குறைந்திருந்தால் அது ஆவியானதுதான். பம்ப் ஓடும்போது மட்டும் குறைந்தால் குழாயிலோ, செயற்கை அருவி வைத்திருந்தால் அதிலோ கசிவு இருக்கும். பம்ப் ஓடாதபோதும் குளத்தில் மட்டும் வேகமாகக் குறைந்தால், மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டு அப்படியே விடுங்கள். எந்த உயரத்தில் இறங்குவது நிற்கிறதோ, அந்த மட்டத்தைச் சுற்றித்தான் ஓட்டையைத் தேட வேண்டும்.