தேர்தல் காலத்தில் கோயில் மைக்கைக் காப்பது எப்படி

வவுனியா வடக்கில், குளக்கட்டுப் பிள்ளையார் கோயில் ஒன்றின் செயலாளர் நான். பரிபாலன சபைக்குப் புதிதாய் வந்திருக்கிற தம்பி தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்த வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு ஆறு ஆசனம். ஒவ்வொரு கட்சியின் வேட்பாளர் பட்டியலிலும் ஒன்பது பேர். அவ்வளவு பேருக்கும் திடீரெனப் பக்தி வரும்.

முதல் வேலை, தேர்தல் அறிவிக்க முன்னமே பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் எடுத்துக் கூட்டக் குறிப்பேட்டில் பதிவது. வாக்களிப்பு முடியும்வரை மைக், மண்டபம், திருவிழா நோட்டீஸ் எதுவும் எந்தக் கட்சிக்கும் இல்லை என்று. வருகிறவர் அநேகமாய் யாரோ ஒருவருடைய மச்சான் அல்லது படிப்பித்த வாத்தியாராக இருப்பார். நீங்கள் மறுத்தால் அது குடும்பச் சண்டை. குறிப்பேட்டைக் காட்டினால் கதை அதோடு சரி.

சட்டமும் உங்கள் பக்கம்தான். 1981ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டப்படி, மதக் கூட்டத்தில் தேர்தல் முடிவை மாற்றும் நோக்கத்தோடு பேசுவது குற்றம். “ரெண்டு நிமிசம் வாழ்த்து மட்டும்” என்பார்கள். “வாங்கோ அண்ணை, கும்பிடுங்கோ, மோதகம் சாப்பிடுங்கோ, மைக் மட்டும் கேக்காதையுங்கோ” என்று சிரிச்சுக்கொண்டே சொல்லுங்கோ. கோயில் மரியாதையாய்க் குடுக்கிற பொன்னாடை, காளாஞ்சி வேண்டாம். காளாஞ்சி யாருக்குப் போகுது என்று பார்க்கத்தானே பாதிச் சனம் நிற்குது!

ஐயரோடும் முன்கூட்டியே கதையுங்கோ. அருச்சனைச் சீட்டில் பேரும் நட்சத்திரமும் போதும். சங்கல்பத்தோடு சேர்த்து “தேர்தலில் அமோக வெற்றி” என்று ஒலிபெருக்கியில் போனால், அதுவும் பிரசாரம்தான்.

வேட்பாளர் அன்னதானம் தர வந்தால், தேர்தல் முடிய வரச்சொல்லுங்கோ. வாக்குக்காகச் சாப்பாடு போடுவது தேர்தல் குற்றம். தோற்ற பிறகும் அரிசி மூட்டையோடு வருகிறவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. கதிரைக் கதையும் இதே வகைதான். எம்.பி. சிபாரிசு செய்கிற அரச பணமான பன்முகப்படுத்தப்பட்ட நிதியில் பிரதேச செயலகம் ஊடாக வந்த பிளாஸ்டிக் கதிரையின் முதுகில் எம்.பி.யின் பேரைச் சிவப்பு மையால் எழுதிவிடுவார்கள். அது அவருடைய வீட்டுக் காசில்லை. தின்னர் போட்டு அழித்துவிட்டு, “அரச நிதி” என்று ஆண்டோடு எழுதுங்கோ.

கூடக் கவனம் வேண்டியது வேறொன்றுக்கு. வேட்டியோடு வந்து, திண்ணையில் குந்தி, குரலைத் தணித்து, “அவன் வேதக்காரன் (கிறிஸ்தவன்), எங்கட ஆளுக்குப் போடுங்கோ” என்கிறவர். 2019 மார்ச்சில், சிவராத்திரி நேரம், மன்னாரில் திருக்கேதீச்சரக் கோயில் வளைவைக் கத்தோலிக்கர் சிலர் பிடுங்கியதை அவர் கட்டாயம் எடுப்பார். அது நடந்ததுதான், மனம் நொந்ததுதான், மறைக்கத் தேவையில்லை. ஆனால் தமிழரசுக் கட்சியை நிறுவிய தந்தை செல்வா கிறிஸ்தவர். காங்கேசன்துறைச் சைவச் சனம் அவரைத் திரும்பத் திரும்பப் பாராளுமன்றம் அனுப்பியது. இதைச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடுத்து அனுப்புங்கோ. கொழும்பு எங்களை மதத்தால் பிரித்துப் பார்க்குது என்று குறை சொல்லிக்கொண்டு, அதே கத்தியை நாங்களே தீட்டக் கூடாது என்பது என் எண்ணம்.

அதுக்காகக் கோயில் பிரச்சினையைக் கதைக்கவே கூடாது என்றில்லை. தொல்லியல் திணைக்களத்தோடு இழுபறியில் இருக்கிற குருந்தூர்மலைக் கோயிலும் வெடுக்குநாறிக் கோயிலும் அரசியல் இல்லாமல் வேறென்ன? கேளுங்கோ, ஆனால் வீதிக்கு அங்கால, வாசிகசாலையில் வைத்து, எல்லாக் கட்சியையும் கூப்பிட்டு. “வென்றால் அரசியலமைப்பின் ஒன்பதாம் உறுப்புரையை நீக்குவேன்” என்று ஒருவர் முழங்கினால் கணக்குக் கேளுங்கோ. பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிற அந்த உறுப்புரையை மாற்ற 225 பேரில் 150 பேரும், அதுக்கு மேல் சர்வசன வாக்கெடுப்பும் வேணும். வன்னிக்கு இருக்கிறது ஆறு.

ஆகவே அவருடைய கைக்கு எட்டுகிறதைக் கேளுங்கோ. 2024 சிவராத்திரியில் வெடுக்குநாறியில் கும்பிடப் போன எட்டுப் பேரைப் பொலிஸ் பிடித்தது. மார்ச் 19இல்தான் வவுனியா நீதிமன்றம் விட்டது. அடுத்த சிவராத்திரிக்கு முன் பொலிஸோடும் தொல்லியல் திணைக்களத்தோடும் எழுத்தில் என்ன பேசுவீர்கள்? எல்லைக் கல் நடுவதை மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் எப்போது எடுப்பீர்கள்? மத சுதந்திரத்துக்கான பத்தாம் உறுப்புரையை அங்கே வாசித்துக் காட்டுவீர்களா?

பதிலைக் கொப்பியில் எழுதி, கீழே கையெழுத்து வாங்குங்கோ. வைக்க மாட்டேன் என்றால் “மறுத்தார்” என்று திகதியோடு எழுதி, வாசிகசாலைப் பலகையில் ஒட்டிவிடுங்கோ.