லிஃப்ட் போட்டதும் வந்த நடுக்கம்

என் பிக்கப்பின் பின்பக்கத்தை 2 அங்குலம் உயர்த்தினேன். கரடுமுரடான பாதையில் அடி தட்டுவது நின்றது. ஆனால் வண்டி கிளம்பும்போதெல்லாம் அடியில் ஒரு நடுக்கம். வேகம் பிடித்ததும் போய்விடும்.

முதலில் சக்கரங்களை பேலன்ஸ் செய்தேன். பயனில்லை. டயர் கோளாறு என்றால் வேகம் கூடும்போதுதானே ஆட்டம் தெரியும்?

அப்புறம் அடியில் படுத்துப் பார்த்தேன். என் வண்டியின் புரொப்பெல்லர் ஷாஃப்ட் (என்ஜினின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் தண்டு) இரண்டு துண்டு, நடுவில் அதைத் தாங்கும் சென்டர் பேரிங். உயர்த்தியதில் சேஸிஸோடு (வண்டியின் அடிச்சட்டம்) பேரிங்கும் மேலே போய்விட்டது. பின் சக்கரங்களை இணைக்கும் ஆக்ஸில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதனால் யுனிவர்சல் ஜாயின்ட்டின் (ஷாஃப்ட் கோணத்திலும் சுழல உதவும் மூட்டு) கோணம் கூடிவிட்டது. கோணத்தில் சுழலும் ஜாயின்ட், ஒரு சுற்றில் இரண்டு முறை ஷாஃப்ட்டை வேகப்படுத்தி மெதுவாக்கும். கிளம்பும்போது இழுவிசை அதிகம் என்பதால் அது நடுக்கமாகத் தெரிகிறது.

பேரிங் பிராக்கெட்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் ஸ்பேசர் (இடைவெளிக்கு வைக்கும் துண்டு) கொடுத்து பேரிங்கை இறக்கினேன். 12 மி.மீ.க்கு நடுக்கம் பாதி குறைந்தது, 20 மி.மீ.க்கு முழுதாக நின்றது. போல்ட் மட்டும் பழையதன் அதே வலிமைத் தரத்தில், நீளமாக வாங்குங்கள். இதில் மிச்சம் பிடிக்கவே கூடாது. சில நாள் ஓட்டியபின் மறுபடி முறுக்கிப் பார்த்தேன், ஒன்று லேசாகத் தளர்ந்திருந்தது.