லுக்கீமியா செல் வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையுறை, எத்தனால், பிளாஸ்க்கில் தேதி எழுதுவது எல்லாம் முதல் வாரத்திலேயே யாராவது சொல்லித்தந்திருப்பார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

சும்மா கிடக்கும் செல்லோடு ஒப்பிடுவது

புதிதாக வரும் மாணவர்கள் ஆளுக்கு ஒருமுறையாவது இந்த வரைபடத்தை நீட்டுகிறார்கள். ஒரு பக்கம் ஜுர்காட் என்ற ரத்தப் புற்றுநோய் செல். மருந்து விட்டதும் சரிகிறது. இன்னொரு பக்கம் நல்ல ரத்தத்திலிருந்து ஃபைக்கால் என்ற அடர்திரவம் போட்டுப் பிரித்த வெள்ளணுக்கள். அதே மருந்தில் அசையவே இல்லை. "கேன்சரை மட்டும் கொல்லுது சார்!"

இல்லை தம்பி. ஜுர்காட், 14 வயதுச் சிறுவனின் டி செல் (ஒருவகை வெள்ளணு) லுக்கீமியாவிலிருந்து 1970களில் உருவான செல் லைன், அதாவது ஆய்வகத்தில் தொடர்ந்து பெருகும் செல்கள். ஒன்றரை நாளுக்குள் இரட்டிப்பாகிவிடும். ரத்தத்திலிருந்து எடுத்த டி செல்களோ பெரும்பாலும் பிரிந்து பெருகாமல் ஓய்வில் இருப்பவை. சைட்டராபின் போன்ற மருந்து, செல் தன் டிஎன்ஏவை நகலெடுக்கும் நேரத்தில்தான் முக்கியமாகத் தாக்குகிறது. நகலெடுக்காத செல் தப்பியதில் என்ன அதிசயம்? கடையே திறக்காதவனை நஷ்டமில்லாமல் வியாபாரம் செய்தான் என்று பாராட்டுகிற கதை இது.

அந்த டி செல்களைத் தூண்ட, அவற்றின் மேற்பரப்புப் புரதங்களான சிடி3, சிடி28க்கு எதிரான எதிர்ப்பொருள் பூசிய மணிகளும், ஐஎல்-2 என்ற வளர்ச்சிப் புரதமும் கொடுங்கள். இரண்டு மூன்று நாளில் செல்கள் பெருத்து, கொத்துக்கொத்தாகச் சேர்ந்து, பிரிந்து பெருகத் தொடங்கும். மருந்தை அப்போது விடுங்கள். ஓய்வுச் செல்களையும் தனி வரிசையாக வையுங்கள். மருந்து விடாத குழிகளையும் தினமும் எண்ணுங்கள், ஏனென்றால் தூண்டாத டி செல் தானாகவே சாகும். எம்டிடி (உயிருள்ள செல்லை நிறத்தால் அளக்கும் சோதனை) மட்டும் பார்த்தால் போதாது. ஓய்வுச் செல்லில் நிறமே மங்கலாகத்தான் வரும்.

ஆய்வேட்டில் ஓர் அத்தியாயத்தையே இந்த ஒப்பீட்டை நம்பி எழுதியவரைத் தெரியும். தூண்டிய செல்களில் மறுபடி செய்தபோது அவையும் ஜுர்காட் மாதிரியே சரிந்தன. அத்தியாயம் போயிற்று. ரத்தம் கொடுத்தவர்களின் ரத்தமும் வீண். எனக்கு இன்னும் ஆறவில்லை.

மைக்கோபிளாஸ்மா

செல்சுவரே இல்லாத கிருமி, பென்சிலினுக்கு அசையாது. மீடியமும் (செல் வளரும் திரவம்) கலங்காது. மாதம் ஒருமுறை, அதன் டிஎன்ஏவைத் தேடும் பிசிஆர் சோதனை செய்யுங்கள்.

அடர்த்தி

ஜுர்காட்டை மில்லிலிட்டருக்கு 1 லட்சத்துக்கும் 10 லட்சத்துக்கும் இடையில் வையுங்கள். வெள்ளிக்கிழமை பார்க்காமல் ஊருக்குப் போனால் திங்களன்று மஞ்சள் மீடியம்தான் மிச்சம்.

லேபிளை நம்புவது

பக்கத்து ஆய்வகம் கொடுத்த குப்பியா? முதலில் எஸ்டிஆர் சோதனை, அதாவது எந்தச் செல் என்று காட்டும் டிஎன்ஏ அடையாளச் சோதனை.

உறைந்த குப்பி

37 டிகிரியில் வேகமாக உருக்கி, உடனே மீடியத்தில் கலந்து, உறையும்போது செல்லைக் காக்கச் சேர்த்த டிஎம்எஸ்ஓவை நீர்க்கச் செய்யுங்கள். போனை அப்புறம் எடுக்கலாம்.